சீசன் கடைசியில மலையில யாரைப் பார்த்தீங்க, எதைப் பார்த்தீங்க?

ஏப்ரல் முடியப்போகுது, ஸ்கீ ரிசார்ட்டுங்க ஒண்ணொண்ணா லிஃப்ட்டை நிறுத்திட்டாங்க, நம்ம ஆளுங்கள்ல பாதி பேரு ஸ்னோபோர்டைத் துடைச்சு கராஜ்ல சாத்தியாச்சு. மிச்சப் பேருக்கு இப்பத்தான் ஆரம்பமே. லிஃப்ட் இல்லாத இடத்துக்கு போர்டை முதுகுல கட்டிக்கிட்டு ஏறி, ஒரே ஒரு தடவை இறங்குறதுக்காக அரை நாளைத் தொலைக்கிற கூட்டம். அப்படிப் போன இடத்துல யாரைப் பார்த்தீங்க, எது உங்களைப் பார்த்துச்சுன்னு எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பாஸ்டன் பக்கம். எங்களுக்கு டக்கர்மன் ரவீன்தான் எல்லாம். நியூ ஹாம்ப்ஷயர்ல மவுண்ட் வாஷிங்டனோட தென்கிழக்குப் பக்கம், மலை மொத்த உயரமே 6,288 அடிதான், கொலராடோக்காரன்கிட்ட சொன்னா எங்க பார்க்கிங் லாட்டே அதுக்கு மேலன்னு சிரிப்பான். சிரிக்கட்டும். 1934 ஏப்ரல் 12-ம் தேதி உச்சியில இருக்கிற அப்சர்வேட்டரியில மணிக்கு 231 மைல் வேகத்துல காத்து பதிவாச்சு, அந்த மலை அது. அந்தக் காத்துதான் மேல வெட்டவெளியில விழுற ஸ்னோவை எல்லாம் அள்ளிட்டு வந்து இந்தப் பள்ளத்துக்குள்ள கொட்டுது, அதனாலதான் ஊரெல்லாம் புல்லு முளைச்ச பிறகும் மே மாசம் அங்க இறங்க ஸ்னோ இருக்கு. பிங்கம் நாட்ச்ல காரை விட்டுட்டு ஹெர்மிட் லேக் வரைக்கும் 2.4 மைல் நடக்கணும், அதுக்கப்புறம்தான் ஏத்தமே. பாதையில முதல்ல சேறு, அப்புறம் ஐஸ், அப்புறம் கால் புதையுற கூழு. ஷார்ட்ஸ் போட்டவன், பூப்போட்ட சட்டைக்காரன், நாயோட வர்றவன், கூலர் பாக்ஸைத் தோள்ல தூக்கிட்டு வர்றவன்னு ஒரு திருவிழாக் கூட்டம்.

கிண்ணம் மாதிரி இருக்கிற அந்தப் பள்ளத்தோட வலது பக்கம் லஞ்ச் ராக்ஸ்னு பாறைக் குவியல் இருக்கு. உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே மத்தவங்க விழுறதை வேடிக்கை பார்க்கிற இடம், யாராச்சும் ஹெட்வால்ல, அதாவது பின்பக்கச் செங்குத்துச் சரிவுல இருந்து உருண்டா கைதட்டு, விசில் எல்லாம் உண்டு. நான் பார்த்த நாள்ல ஒரு ஸ்னோ ரேஞ்சர் பாறை பாறையா போய் ஒவ்வொருத்தரையும் எழுப்பிட்டு இருந்தாரு. அதட்டல் எல்லாம் இல்ல. கையை நீட்டி மேல பாறைச் சுவர்ல தொங்குற ஐஸைக் காட்டி, அது இன்னைக்கு வரும், எத்தனை மணிக்குன்னுதான் தெரியாது, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போயிடுவாரு. குளிர்காலம் முழுக்க கசியுற தண்ணி அந்தச் சுவர்ல உறைஞ்சு தொங்கிட்டே இருக்கும், வெயில் ஏற ஏற பாறையை விட்டு விலகும். பாதிப் பேரு எழுந்தாங்க. மீதி பாதி சாண்ட்விச்சை முடிச்சிட்டுப் போறோம்னாங்க.

மதியம் ஒரு மணி வாக்குல படார்னு ஒரு சத்தம், உடனே மேல இருந்து யாரோ "ஐஸ்!"னு கத்த, அந்தக் கத்தல் அப்படியே ஒவ்வொரு வாயா கீழ இறங்கி வருது. ஃப்ரிட்ஜ் சைஸ்ல ஒரு நீலத்துண்டு, ரெண்டு தடவை குதிச்சு மூணா உடைஞ்சு, அதுல ஒண்ணு சரியா பாறைகளுக்கு நடுவுல வந்துச்சு. ஆளுங்க எல்லாம் ரெண்டு பக்கமும் சிதறிட்டாங்க. ஒரு சிவப்பு கூலர் பாக்ஸ் மட்டும் மாட்டிக்கிச்சு, மூடி தனியா பறந்து, கேனெல்லாம் சரிவுல உருண்டு, ஒரு கேன் என் பூட்ல வந்து முட்டி நுரை கக்கிட்டு நின்னுது. யாருக்கும் அடி இல்ல. என்னால இன்னைக்கும் ஜீரணிக்க முடியாதது அதுக்கப்புறம் நடந்ததுதான்: பத்து நிமிஷத்துல அதே பாறையில அதே ஆளுங்க திரும்ப வந்து உக்காந்துட்டாங்க, அந்த ரேஞ்சரும் முகம் சுளிக்காம மறுபடி முதல் பாறையில இருந்து ஆரம்பிச்சாரு. அந்தப் பொறுமைக்கு எத்தனை சம்பளம் குடுத்தாலும் தகும்.

ரைடு பத்தி சொல்லணும்னா, அங்க வெயில் எங்க விழுதுன்னு பார்த்துதான் லைனே எடுக்கணும். ரைட் கல்லிங்கிற ஒடுக்கமான சரிவு தெற்கைப் பார்த்தது, முதல்ல இளகும். லெஃப்ட் கல்லி வடகிழக்கு, ஸ்னோ ரொம்ப நாள் நிக்கும், ஆனா மதியத்துக்கு மேல நிழல் விழுந்துச்சுன்னா இப்ப வெண்ணெயா இருந்தது கொஞ்ச நேரத்துல கல்லு, அப்புறம் எட்ஜ் பிடிக்கல எட்ஜ் பிடிக்கலன்னு புலம்பிப் பிரயோஜனம் இல்ல. 1939-ல டோனி மாட்னு ஒருத்தர் அந்த ஹெட்வாலை திரும்பாம நேரா இறங்கி உச்சியில இருந்து பிங்கம் வரைக்கும் ஆறரை நிமிஷத்துக்குள்ள வந்தாரு, அதுவும் அந்தக் காலத்து மர ஸ்கீயில. நாம திரும்பித் திரும்பித்தான் வரணும். ஹெட்வாலுக்கு அடியில தண்ணி ஓடி ஸ்னோ உள்ளுக்குள்ள பொந்தா இருக்கும், விரிசலும் விட்டிருக்கும், அதனால ஏறும்போதே இறங்குற லைனைப் பார்த்து வெச்சுக்கங்க.

*

அண்ணா ஒரு டவுட், இதுக்கு ஸ்பிளிட்போர்டு, அதான் ரெண்டா பிரிச்சு ஸ்கீ மாதிரி மாட்டி ஏறுற போர்டு, வாங்கணுமா? விலை பார்த்தா தலை சுத்துது. ஸ்னோஷூ போதுமா?

*

டக்கர்மனுக்கு ரெண்டுமே வேணாம் தம்பி, பூட்லயே நடந்துடலாம், முன்னாடி போனவங்க உதைச்ச படி இருக்கும். கிராம்பான் (பூட்ல மாட்டுற இரும்பு முள்ளு), ஐஸ் ஆக்ஸ், ஹெல்மெட்டுக்குக் காசை ஒதுக்கு. நீளமா சமதளம் நடக்கிற மலைக்குப் போகும்போது ஸ்பிளிட் யோசி. அப்பவும் முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாரு, ஏறும்போது வழுக்காம இருக்க அடியில ஒட்டுற அந்த ஸ்கின் பட்டையை ஒட்டி உரிச்சு மடிக்கிற வேலை எல்லாருக்கும் ஒத்து வராது.

*

நான் போர்ட்லேண்ட். எங்க கதையில ஐஸ் எல்லாம் இல்ல, கவுன்தான் இருக்கு.

மவுண்ட் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை கேள்விப்பட்டிருப்பீங்க, 1980 மே 18 வெடிச்சதுல உச்சியில 1,300 அடி காணாமப் போச்சு, இப்ப 8,363 அடி. அங்க ஒரு பழக்கம், மதர்ஸ் டே அன்னைக்கு எல்லாரும் டிரெஸ் போட்டுக்கிட்டு ஏறணும். எல்லாரும்னா எல்லாரும், ஆறடி தாடிக்காரன் பூப்போட்ட கவுன் போட்டு கீழ ஸ்கீ பூட் மாட்டிட்டு வியர்க்க விறுவிறுக்க ஏறுவான். அந்த நாளுக்கு பெர்மிட் சட்டுனு தீர்ந்துடும். எங்க ஃபிரெண்ட்ஸ் கேங்ல எனக்குத்தான் கவுன் இல்ல, அம்மா குடுத்த பழைய சுங்குடிப் புடவை இருந்துச்சு, ஸ்னோ பேண்ட் மேல கணுக்காலுக்கு நல்லா மேல ஏத்திக் கட்டி, முந்தானையை இடுப்புல இறுக்கிச் செருகி, மேல பேக்கோட ஸ்ட்ராப்பைப் போட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, காட்டன் ஆச்சே, வெயிலுக்கு அருமை. ஸ்கின் ஒட்டி ஏறும்போது மட்டும் கொசுவம் முட்டியில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மார்பிள் மவுண்டன் ஸ்னோ பார்க்ல இருந்து வோர்ம் ஃப்ளோஸ் வழி, கிட்டத்தட்ட 5,700 அடி ஏத்தம். விடிகாலை ரெண்டு மணிக்கே கிளம்பிட்டோம், ஏன்னா அந்தப் பக்கம் முழுக்க தெற்கு முகம். ராத்திரி வானம் சுத்தமா இருந்தா ஸ்னோவோட சூடு மேல போயிடும், மேல்பரப்பு இறுகும், காலைல வெயில் பட்டு ஒரு ரெண்டு இஞ்ச் மட்டும் இளகும் பாருங்க, அதுதான் கார்ன், அதுல ரைடு பண்ற சுகத்துக்கு ஈடு கிடையாது. ராத்திரி மேகம் மூடியிருந்தா இறுகவே இறுகாது, அன்னைக்கு வீட்ல தூங்கிடறது உத்தமம். எங்களுக்கு வானம் நல்லபடியா இருந்துச்சு.

உச்சியில ஒரே கூத்து, போட்டோ, பாட்டு, எவளோ ஒருத்தி கல்யாண கவுனையே போட்டுட்டு வந்திருக்கா. எரிமலை வாய்ப் பள்ளத்தைப் பார்த்த விளிம்புல ஸ்னோ காத்துல வளர்ந்து வெறும் காத்து மேல நீட்டிக்கிட்டு நிக்கும், கார்னிஸ். இந்தப் பக்கம் இருந்து பார்த்தா கெட்டித் தரை மாதிரிதான் தெரியும். மஞ்சள் கவுன் போட்ட ஒரு பையன் செல்ஃபிக்கு முன்னாடி முன்னாடி போறான். நாங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள ஒரு பாட்டி, அறுபத்தஞ்சு வயசுக்குக் குறையாது, ஊதாக் கலர் பாவாடை, ஒரு அதட்டு போட்டாங்க பாருங்க, மொத்த உச்சியும் சைலன்ட். பையன் அப்படியே நின்ன இடத்துல இருந்து பின்னாடியே நடந்து வந்தான். அந்தப் பாட்டி அவனைத் திட்டவே இல்ல, பையில இருந்து ஒரு குக்கீ எடுத்துக் குடுத்து, உங்க அம்மாவுக்கு போன் போட்டியான்னு கேட்டாங்க. எங்க வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்த மாதிரியே இருந்துச்சு எனக்கு.

கீழ வரும்போது மணி பதினொண்ணு ஆகிடுச்சு, கடைசி ஆயிரம் அடி பூட் கணுக்கால் தாண்டி புதைய ஆரம்பிச்சது, ஓரத்துல சின்னச் சின்ன ஸ்னோ உருண்டை தானா உருண்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. அது ரெண்டும் தெரிஞ்சா ஸ்னோ மொத்தமா சரியலாம்னு அர்த்தம், சரிவை விட்டு வெளிய வந்துடணும், பேச்சே கிடையாது. நாங்க முகட்டுக்கு ஒதுங்கி மீதியை நடந்தே முடிச்சோம்.

*

நான் வான்கூவர் பக்கம் இருக்கிறன். எங்கட ஆக்கள் கன பேர் டொரோண்டோவில, அங்க மலை எண்டு சொல்லுறது ஒரு சின்ன மேடு, அதால கேட்டுப்போட்டு "உனக்கென்ன விசரே" எண்டுதான் சொல்லுவினம்.

விஸ்லரில மே மாதத்திலயும் லிஃப்ட் ஓடும். அந்த நேரம் கீழ்ச் சரிவுகளில ஸ்னோ உருகி முதல் புல்லு வரும், குளிர் முழுக்கப் படுத்துக் கிடந்த கருங்கரடி எழும்பி வந்து அந்தப் புல்லைத்தான் தின்னும். கதிரை லிஃப்டில போகேக்க கால்மாட்டில மேய்ஞ்சு கொண்டு நிக்கும், அண்ணாந்தும் பாக்காது. அது ஒரு பிரச்சனையுமில்லை.

பிரச்சனை டஃபி லேக் ரோட்டுப் பக்கம். நானும் கூட்டாளியும் ஒரு சரிவை முடிச்சுக் கொண்டு போர்டை முதுகில கட்டி, பழைய மரம் வெட்டுற ரோட்டால நடந்து வாறம். ஒரு வளைவு திரும்பினா முப்பது மீற்றரில கரடி. தனிக் கரடி, குட்டி ஒண்டும் இல்லை, அது தான் முதல் நிம்மதி. ஓடக்கூடாது, நேர பாத்து முறைக்கவும் கூடாது, மெதுவா கதைச்சுக் கொண்டு பின்னுக்குப் போகவேணும் எண்டு கூட்டாளி சொன்னவன். எனக்கு அந்த நேரம் இங்கிலீசு ஒரு சொல்லும் வரேல்லை. "ஐயா நாங்கள் போறம், நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ, அவசரமில்லை" எண்டு தமிழிலதான் கதைச்சுக் கொண்டு பின்னுக்கு வந்தனான். அது தலையை ஒருக்கா நிமித்தி மணந்து பாத்திட்டு, திரும்பப் புல்லுக்க வாயை வைச்சிட்டுது. அரை மணித்தியாலம் ஸ்னோவில குந்தியிருந்துதான் பிறகு வந்தம். கூட்டாளி வெள்ளைக்காரப் பெடியன், இப்ப எங்கயாவது மரம் அசைஞ்சாலும் "ஐயா நாங்கள் போறம்" எண்டு அவனும் சொல்லுறான்.

கரடி ஸ்ப்ரே கொண்டு போறவை அதை நெஞ்சுப் பட்டியில கொழுவுங்கோ. பனிச்சரிவில புதைஞ்ச ஆளைத் தேடித் தோண்டுற ப்ரோபுக்கும் ஷவலுக்கும் கீழ பையின்ட அடியில கிடந்தா அது வெறும் பாரம்.

*

கரடிக்கு வணக்கம் போட்டா விட்டுடும். மார்மட், அந்தக் குண்டு மலை அணில், விடாது.

கலிஃபோர்னியா, செக்கோயா நேஷனல் பார்க்குள்ள மினரல் கிங். அறுபதுகள்ல டிஸ்னி அங்க பெரிய ஸ்கீ ரிசார்ட் கட்டப் பார்த்தாங்க, சியரா கிளப்னு ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கேஸ் போட்டு 1972-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, கிளப் கேஸ்ல தோத்துச்சு ஆனா ரிசார்ட்டும் வரல, 1978-ல பள்ளத்தாக்கையே பார்க்கோட சேர்த்துட்டாங்க. அதனால இன்னைக்கும் லிஃப்ட் இல்ல, நம்ம கால்தான். ரோடு மே கடைசியிலதான் திறப்பாங்க, ஸ்னோ நல்லா விழுந்த வருஷம்னா ஜூன்லயும் ஃபேர்வெல் கேப் பக்கம் மேல இறங்கலாம், ஆனா மேல்பரப்பு முழுக்க வெயில் குடைஞ்ச குழி குழியா இருக்கும், முட்டி கழண்டுடும்.

அங்க காருக்கு அடியில புகுந்து ரேடியேட்டர் ஹோஸையும் வயரையும் கடிக்கிறது இந்த மார்மட். தெரிஞ்சவங்க பெரிய தார்ப்பாயை விரிச்சு அது மேல காரை ஏத்தி நிறுத்தி, நாலு பக்கமும் மேல இழுத்துக் கயித்தால கட்டிட்டுத்தான் மலை ஏறுவாங்க. பார்க்கிங் லாட் முழுக்க பார்சல் பண்ணின காரா நிக்கும், முதல் தடவை பார்க்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. நாங்க திரும்பி வந்தப்ப பக்கத்து கார்க்காரர் பானட்டைத் திறந்தா இஞ்சின் மேலயே ஒண்ணு உக்காந்திருக்கு, குண்டா, ஹாரனுக்கும் அசையல, குச்சிக்கும் அசையல, விசிலடிக்குது அவரைப் பார்த்து. நாங்க நாலு பேரு சேர்ந்து கையைத் தட்டி விரட்டின பிறகு சாவகாசமா இறங்கி எங்க கார் பக்கமா வந்துச்சு. தார்ப்பாயைச் சுத்தி ஒரு ரவுண்டு போச்சு. முடிச்சையும் மோந்து பார்த்துச்சு.

*

நம்ம ஊரையும் சேத்துக்கங்க. குல்மர்க், மார்ச் கடைசி. கோண்டோலா ரெண்டாம் ஃபேஸ்ல அஃபர்வட் மலை மேல ஏறினா காலைல ஸ்னோ நல்லாவே இருக்கும். கீழ பாபா ரேஷி பக்கம் காட்டுக்குள்ள இறங்கினா பாதியில ஸ்னோ தீர்ந்து சேறுதான். அந்தக் காட்டுக்கு ரைடருங்க வெச்ச பேரே மங்கி ஹில். பேருக்கு ஏத்த மாதிரி பைன் மரத்துக்கு அடியில உக்காந்து பைண்டிங்கைக் கழட்டுறேன், பின்னாடி பையோட ஜிப் சத்தம் கேக்குது. திரும்பிப் பார்த்தா ஒருத்தர் என் கடலை மிட்டாய் பாக்கெட்டோட மரத்துல பாதி உயரத்துல இருக்காரு. எங்க காஷ்மீரி கைடு விழுந்து விழுந்து சிரிச்சிட்டு தன் பையில இருந்து அக்ரூட் எடுத்துக் குடுத்தான். பையை முன்னாடி மாட்டிட்டுக் கழட்டணுமாம் அங்க, அவன் அப்படித்தான் நின்னுட்டு இருந்தான்.