வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புகுந்த அமெரிக்கப் போலீஸ் மீது வழக்கு: எங்கே, எப்படி?

கேள்வி:
கலிபோர்னியாவில் நகரப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து சோதனை போட்டால் எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்? நம் அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவு மாதிரி நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் போடலாமா? வீட்டுக்காரர் மேல் குற்ற வழக்கும் இருந்தால் அது முடியும்வரை காத்திருக்கலாமா?

பதில் 1:
நேராகப் போக வழியில்லை. மேல்முறையீடு முடிந்து வந்தாலும், ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் சம்மதித்தால்தான் அங்கே விசாரணைக்கு எடுப்பார்கள். வழக்கமாகத் தொடங்குவது ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில். மாநில, உள்ளூர் அதிகாரிகள் அரசியல் சட்ட உரிமையை மீறினால் வழக்குப் போட 1871-இல் வந்த சட்டம், இன்று 'செக்‌ஷன் 1983' என்பார்கள். அதன்படி இழப்பீடு கேட்கலாம். கட்டணம் 405 டாலர், வசதியில்லாதவர் விலக்குக் கேட்டு மனு தரலாம். தாக்கல் செய்து 90 நாளுக்குள் சம்மன் பிரதிவாதியிடம் சேர்ந்துவிட வேண்டும்.

நகரத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். காவலர் தவறு செய்தார் என்பதற்காக நகரம் பொறுப்பாகாது. அந்தத் தவறுக்கு நகரத்தின் கொள்கையோ நெடுநாள் வழக்கமோ காரணம் என்று காட்ட வேண்டும் (மோனெல் தீர்ப்பு, 1978). காவலரைத் தனிப்பட்ட முறையிலும் பிரதிவாதியாகச் சேருங்கள்.

பதில் 2:
காத்திருக்கலாமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பலர் வழக்கை இழப்பதே இங்கேதான். 1983 வழக்குக்குக் கலிபோர்னியாவில் கெடு 2 ஆண்டு. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த மாநில அரசுச் சட்டத் தொகுப்பின் 945.3 பிரிவு கெடுவில் சேர்க்காது. எல்லா மாநிலத்திலும் இந்தச் சலுகை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அத்துமீறல், தாக்குதல் என்று மாநிலச் சட்டப்படியும் இழப்பீடு கேட்பதானால், 6 மாதத்துக்குள் நகரத்திடம் எழுத்தில் கோரிக்கை கொடுத்தாக வேண்டும். குற்ற வழக்கு நடந்தாலும் இந்த 6 மாதம் நீளாது. எழுத்தில் நிராகரித்தால், அதிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு.

பதில் 3:
கெடுவுக்குள் வழக்குப் போட்டுவிட்டாலும் அடுத்த மதில் 'குவாலிஃபைட் இம்யூனிட்டி', அதாவது அதிகாரிகளுக்கு வழக்கிலிருந்து கிடைக்கும் நிபந்தனையுள்ள பாதுகாப்பு. சம்பவம் நடந்த நாளிலேயே அந்தச் செயல் சட்டவிரோதம் என்பது தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் காவலர் தப்பிவிடுவார். இந்தப் பாதுகாப்பைக் கேட்டு அவர் போடும் மனு தள்ளுபடியானால், உடனே மேல்முறையீட்டுக்குப் போகலாம், வழக்கு மாதக்கணக்கில் நின்றுவிடும். மிக அநியாயமான விதி இது. வீட்டைப் பொறுத்தவரை வாதிக்குக் கைகொடுக்கும் தீர்ப்புகள் உண்டு: வழக்கமான கைதுக்காக வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்ற பேட்டன் (1980), சிறு குற்றவாளியைத் துரத்தியதே வீட்டுக்குள் நுழையப் போதுமான காரணமாகிவிடாது என்ற லேஞ் (2021), பொதுமக்களுக்கு உதவும் பணி என்பதே வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் காரணமாகாது என்ற கனிக்லியா (2021). சம்பவத்துக்கு முந்தையதை மட்டும் காட்டுங்கள்.

பிராதில் 'உரிமையை மீறினர்' என்று பொதுவாக எழுதினால் நிற்காது. எத்தனை மணி, யார் கதவைத் தட்டினார், யாராவது உள்ளே வரச் சம்மதித்தார்களா, எந்த அறையில் எதை எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

கேட்டவர்:
காவலர் பெயரே தெரியாவிட்டால்?

பதில் 2:
'ஜான் டோ' என்று போட்டுத் தாக்கல் செய்யலாம். ஆனால் கெடு முடிந்தபின் உண்மைப் பெயரைச் சேர்க்கப் பல சர்க்யூட் நீதிமன்றங்கள் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்) விடுவதில்லை. அதனால் முதல் வாரத்திலேயே சம்பவ அறிக்கையைப் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். உடல் கேமரா பதிவை அழிக்கக் கூடாது என்று தேதி, முகவரியோடு நகரத்துக்குத் தனிக் கடிதமும் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.