வெயில் காலக் கேம்ப்: பிள்ளைகள் தூங்கும் ஹாலுக்கு ஏசிதான் வழியா, வேறு ஏதும் செய்யலாமா?

லிந்துலை கோச்:
வணக்கம் எல்லாருக்கும். இலங்கை மலைநாட்டில், பதுளைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு லீவுக் கேம்ப் நடக்குது. பிள்ளைகள் முக்கால்வாசி நுவரெலியா மாவட்டம், அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைப் பக்கம். ராத்திரி கம்பளி இல்லாமல் தூங்கிப் பழகாதவர்கள். இங்கே வந்ததிலிருந்து ஒருத்தனும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

ஆம்பளைப் பிள்ளைகள் படுக்கிறது பழைய ஸ்டோர் ஒன்றில். துருப்பிடித்த தகரக் கூரை, சீலிங் கிடையாது, இரும்பு பங்கர் (இரண்டு அடுக்கு) கட்டில், ஜன்னல் முன்பக்கம் மட்டும். மேற்குச் சுவரில் பின்னேரம் முழுக்க வெயில். சாயங்காலம் கிரவுண்டிலிருந்து வந்து உள்ளே நுழைந்தால் பேக்கரி அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும், நடுச்சாமம் வரைக்கும் அது தணியாது. பாயைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறார்கள், அங்கே நுளம்பு பிடுங்குது. காலையில் லோங் ரன் போகச் சொன்னால் பாதிப் பேர் தூக்கத்திலேயே ஓடுகிறார்கள்.

கனடாவில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் இரண்டு ஏசி வாங்கித் தருகிறேன் என்கிறார். நல்ல மனசு. ஆனால் கரண்ட் வேலை செய்கிற தம்பி வந்து பார்த்துவிட்டு, இந்த வயரிங்குக்கு ஏசி தாங்காது, லைனையே மாத்தணும் என்கிறார். பில்லை யார் கட்டுவது என்ற கேள்வியும் இருக்கு. அதே காசில் வேறு என்ன செய்யலாம்? தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் ஒன்று வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், ஜன்னலில் நனைத்த சாக்கும் தொங்கவிட்டோம். காற்று ஈரமாகி உடம்பு பிசுபிசுத்ததுதான் மிச்சம்.

ஹட்டன் பொடியன்:
ஏசியே போடுங்க சேர். ஓசியில் வருவதை ஏன் வேண்டாம் என்கிறீங்க?

தகரக்கூரை:
சேர், முதலில் ஒரு சின்ன வேலை. ஒரு தெர்மாமீட்டரை ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே மரத்தடியில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்க, அப்புறம் உள்ளே கீழ் கட்டிலிலும் மேல் கட்டிலிலும் வைத்துப் பாருங்க. மூன்று அளவையும் இங்கே போடுங்க. அது தெரியாமல் எதுவும் வாங்க வேண்டாம்.

லிந்துலை கோச்:
பார்த்தாச்சு. வெளியே 22. கீழ் கட்டில் 28, மேல் கட்டில் 30.

தகரக்கூரை:
பதில் அதிலேயே இருக்கு சேர். சுவருக்கு அந்தப் பக்கம் 22 டிகிரி காற்று சும்மா கிடக்குது, இந்தப் பக்கம் பிள்ளைகள் 30-இல் வேகுறாங்க. கொழும்பில் ராத்திரியும் வெளிக்காற்றுச் சூடாகத்தான் இருக்கும், அங்கே ஏசி கேட்டால் நியாயம் இருக்கு. உங்களுக்குக் குளிர் ஏற்கனவே வெளியே இருக்கு, உள்ளே வர வழிதான் இல்லை.

கூரையிலும் சுவரிலும் பகலில் ஏறுகிற சூடுதான் பிரச்சினை. துருப்பிடித்த தகரம் வெயிலை நன்றாகக் குடிக்கும், மத்தியானம் அதில் கை வைக்க முடியாது. சீலிங் இல்லாததால் அந்த அனல் நேரே கீழே இறங்கி கட்டில், மெத்தை, சிமெந்துத் தரை, மேற்குச் சுவர் எல்லாவற்றையும் சூடாக்கி வைத்துவிடும். தகரம் மெல்லிசு, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். சுவரும் தரையும் ஆற நேரம் எடுக்கும், நீங்கள் சொல்லும் நடுச்சாமம் வரைக்குமான சூடு அதுதான். சூடான காற்று மேலே ஏறும், மேலே அதற்கு வாசல் இல்லை. மேல் கட்டில் பையன்தான் அதற்குள் படுக்கிறான்.

வேலை மூன்று. கூரைக்கு வெள்ளை அடிக்கணும். இரண்டு பக்கச் சுவரிலும் முகட்டுக்குக் கீழே ஓட்டை எடுத்து வலை அடிக்கணும். ஜன்னல் இல்லாத பின்பக்கச் சுவரில் கீழாக ஒன்றிரண்டு திறப்பு வைக்கணும். நேரம் இருந்தால் தகரத்துக்குக் கீழே சில்வர் ஷீட் ரோல் (சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான ஷீட்) இழுத்துக் கட்டுங்க. தகரத்தோடு ஒட்டாமல் நடுவில் காற்று இடைவெளி விடணும், ஒட்டிவிட்டால் அதுவும் சூடாகி வீணாகிவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. மேல் கட்டிலில் யாரையும் படுக்க வைக்காதீங்க, கீழே பாய் போடுங்க. ரெக்சின் உறை போட்ட ஸ்பஞ்ச் மெத்தை முதுகுச் சூட்டை அப்படியே பிடித்து வைக்கும், அதன் மேல் ஒரு பன்பாய் விரித்தாலே வித்தியாசம் தெரியும்.

வெலிமடை அக்கா:
பொம்பளைப் பிள்ளைகள் எங்கே தங்கியிருக்காங்க சேர்? ராத்திரி ஜன்னலைத் திறந்து வைங்க என்று எல்லாரும் லேசாகச் சொல்லிவிடுவாங்க, கிரில் இல்லாத ரூமில் எந்தப் பிள்ளை திறந்து வைத்துக்கொண்டு தூங்குவாள்? திறப்பு வைக்கிற இடத்திலெல்லாம் இரும்புக் கம்பியும் நுளம்பு வலையும் சேர்த்தே கணக்குப் பாருங்க.

லிந்துலை கோச்:
அவங்க டீச்சர் குவாட்டர்ஸில் அக்கா. சீலிங், கிரில் இரண்டும் இருக்கு. அங்கே ஒரு முறைப்பாடும் இல்லை.

தகரக்கூரை:
பார்த்தீங்களா, ஒரே தோட்டம், ஒரே வெயில். சீலிங் இருக்கிற இடத்தில் பிரச்சினை இல்லை.

பாரிஸ் பசறைக்காரன்:
நான் பசறை, இப்போ பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கேன். 2024 ஒலிம்பிக் வீரர்கள் தங்கிய கிராமம் இங்கேயிருந்து கிட்டத்தில், சென்-தெனி (Saint-Denis) பக்கம். அதை ஏசி இல்லாமல்தான் கட்டினார்கள். நிலத்தடிக் குளிர்ச்சியால் தண்ணீரைக் குளிர வைத்து, அதை அறைத் தரைக்கு அடியில் குழாயில் ஓட விட்டு, வெளியே இருப்பதைவிட 6 டிகிரி குறைவாக அறையை வைப்பதுதான் திட்டம். கட்டடங்கள் நிற்கும் திசை, காற்று போகும் சந்து, ஜன்னல் மறைப்பு எல்லாம் வெயிலைக் கணக்குப் பார்த்து வைத்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லணும். பல நாட்டு அணிகள் ரிஸ்க் எடுக்க மாட்டோம் என்று நின்றதால், சுமார் 2,500 தற்காலிக ஏசி வரவழைத்தார்கள். காசு உள்ள நாடுகளுக்கு அது சரி, இல்லாதவர்கள் ஃபேனோடு இருந்தார்கள். முதுகு நீச்சலில் தங்கம் வென்ற இத்தாலிக்காரர் தாமஸ் செக்கோன் வெளியே புல்லில் துண்டு விரித்துத் தூங்குகிற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அறையில் சூடு, சத்தம் என்று அவர் அதற்கு முன்பே குறைபட்டிருந்தார். ஜன்னல் மறைப்பைப் பகலில் இறக்கி வைத்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும், அதை யாராவது நின்று பார்க்கணும். உங்கள் கேம்ப்பிலும் ஒரு ஆளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுங்க.

ஹட்டன் பொடியன்:
தங்கம் எடுத்தவரே புல்லில் தூங்கியிருக்கிறார், நம்ம பிள்ளைகள் வராந்தாவில் தூங்கினால் என்ன.

வெலிமடை அக்கா:
அவருக்கு டெங்கு வராது தம்பி.

கணக்கு வாத்தியார்:
கொஞ்சம் கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர், பதுளை 680. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் இரண்டுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். மேலேயிருந்து இறங்கி வந்த பிள்ளைகள் தவிப்பதில் ஆச்சரியமில்லை.

ஏசி ஒன்று ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்குக் கிட்ட இழுக்கும். அது அணைந்து அணைந்து ஓடுவதைக் கழித்துவிட்டு ராத்திரிக்கு ஐந்து யூனிட் என்றே போட்டாலும், இரண்டுக்கும் மாதம் முந்நூறு யூனிட். நம்ம பில்லில் யூனிட் கூடக்கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும், அது உங்களுக்கே தெரியும். ஏசியோடு ஒப்பிட, சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 வாட் சுற்றுவட்டாரம். ஒரு ஏசி தின்னும் கரண்டில் அப்படிப் பத்து ஃபேன் தாராளமாக ஓடும். அதோடு சீலிங்கும் இல்லாத அந்தத் தகரக் கொட்டகையில் ஏசி போட்டால் குளிர் இருக்கிற இடைவெளியில் எல்லாம் ஒழுகிப் போய்விடும்.

யாராவது ஃபேனுக்கு முன்னால் ஐஸ் வையுங்க என்று சொல்ல வரலாம். பத்துக் கிலோ ஐஸ் முழுக்க உருகினாலும் அது உறிஞ்சுவது ஒரு யூனிட்டுக்கும் குறைவான சூடு, சின்ன ஏசி ஒன்று கால் மணி நேரத்தில் வெளியே தள்ளுகிற அளவு. ஐஸைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குடிக்கக் கொடுங்க.

லிந்துலை கோச்:
ஏர் கூலர் ஏன் சரிவரவில்லை சேர்? இந்தியாவில் எல்லாரும் போடுகிறார்களே.

கணக்கு வாத்தியார்:
ராஜஸ்தான் மாதிரி காய்ந்த இடத்தில் அது பிரமாதம். தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும். ஒரு லீட்டர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கிட்ட சூட்டை எடுத்துக்கொள்ளும், அது லேசான விஷயமில்லை. ஆனால் இங்கே ஏப்ரல் பின்னேர மழை பெய்து ஓய்ந்த பிறகு காற்று ஏற்கனவே ஈரத்தில் நிறைந்திருக்கும், ஆவியாக இடமே இருக்காது. உங்கள் ஹாலில் அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. வியர்வையும் காயாது, அதுதான் பிசுபிசுப்பு.

ஓடிய கால்:
நான் கேட்பது வேறு. பிள்ளைகள் வெயிலில் ஓடிப் பழகத்தானே வந்திருக்காங்க? ராத்திரி குளிரக் குளிரத் தூங்க வைத்தால் உடம்பு சூட்டுக்குப் பழகுமா? எங்கள் காலத்தில் எதுவும் இல்லாமல்தான் ஓடினோம்.

தியத்தலாவை பிசியோ:
அண்ணே, உடம்பு சூட்டுக்குப் பழகுவது ஓடும்போது, வியர்க்கும்போது. ஒன்றிலிருந்து இரண்டு கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் வியர்வை சீக்கிரம் வரும், நெஞ்சுத் துடிப்பு குறையும். ராத்திரி வேகுவதால் அந்தப் பழக்கம் அதிகமாகாது, தூக்கம்தான் கெடும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கணும், சூடான ரூமில் அது நடக்காது. முதல் சில நாள் கடும் ஓட்டத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்க கோச், பத்து மணி வெயிலில் இன்டர்வெல் ஓட்டம் (விட்டு விட்டு வேகமாக ஓடுவது) வேண்டாம்.

படுக்கப் போகும் முன்னால் பீலியில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் குளிக்க வைப்பதையும் யோசிங்க. மிகக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தோல் இறுகிக்கொள்ளும், உள்ளே இருக்கும் சூடு லேசில் வெளியே வராது. படுக்க ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் அதைவிட நல்லது. கூடவே தேசிக்காய்த் தண்ணீர் உப்புப் போட்டு, வியர்வை அதிகம் கொட்டினவனுக்கு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி). தலைச்சுற்று, குழப்பமான பேச்சு, ஓடிய பிறகும் கொதிக்கிற உடம்பு இதெல்லாம் கண்டால் ஃபேனை நம்பி உட்காராமல் தண்ணீரில் நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்க.

தகரக்கூரை:
ஒன்றை மறந்தால் எல்லாம் கெடும். பகலில் ஜன்னலை மூடி ராத்திரி திறக்கணும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்யாதீங்க. தடித்த கல் சுவரும் சீலிங்கும் உள்ள பழைய பங்களாவுக்குத்தான் அது பொருந்தும். வெறும் தகரத்தடியில் பகலில் மூடினால் உள்ளே அவிந்து போகும். வெள்ளை அடித்து ஷீட்டும் கட்டும் வரைக்கும் பகலிலும் எல்லாம் திறந்தே இருக்கட்டும். ராத்திரி ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்க, அது உள்ளே இருக்கிற சூட்டுக் காற்றைத் தள்ள, பின்பக்கத் திறப்பு வழியாகக் குளிர் காற்று தானே வரும்.

மேற்குச் சுவருக்குக் கொடிப் பந்தல் அழகுதான், ஆனால் புடலை படர்ந்து நிழல் தரும்போது உங்கள் கேம்ப் முடிந்திருக்கும். தேயிலைக் கன்று நர்சரிக்குப் போடுவாங்களே கறுப்பு நிழல் வலை, அதைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டுங்க.

கூரையில் ஏறும் முன்னால் முகட்டடியில் குளவிக்கூடு இருக்கா பாருங்க. சட்டத்தில் ஆணி அடித்த வரிசை மேலே மட்டும் கால் வைக்கணும், துருத் தகரம் ஆளைத் தாங்காது. மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சுவரை உடைக்காதீங்க, கட்டடம் தோட்டத்துடையது.

லிந்துலை கோச்:
எல்லாருக்கும் நன்றி, விஷயம் இப்படி நடந்தது. கனடாக்காரரிடம் அந்த ஒன்பது மணிக் கணக்கை அனுப்பினேன், ஏசிக் காசைக் கூரைக்குச் செலவழிக்க உடனே சரி என்றார். மேனேஜரும் அனுமதி தந்தார். பாதிக் கூரைக்கு வெள்ளை ரூஃப் பெயின்ட், மீதிக்குச் சுண்ணாம்பில் உப்பும் பைண்டர் பசையும் கலந்து அடித்தோம். அடுத்த பின்னேரமே இடி மழை, சுண்ணாம்புப் பக்கம் வரி வரியாக வழிந்துவிட்டது. பெயின்ட் அப்படியே நிற்குது. முகட்டு ஓட்டையும் பின்பக்கத் திறப்பும் கம்பி வலையோடு முடிந்தது. ஷீட் ரோல் இன்னும் கட்டவில்லை. நேற்று ஒன்பது மணிக்கு வெளியே 22, உள்ளே கீழ் கட்டில் 25. பையன்கள் வராந்தாவிலிருந்து உள்ளே வந்துவிட்டார்கள், ஒருத்தன் பெட்ஷீட் கேட்டான்.

தகரக்கூரை:
சுண்ணாம்பு இறுக வெயில் நாள் வேண்டும் சேர், ஏப்ரலில் அது கஷ்டம். இந்தியாவில் அகமதாபாத்தில் 2010-இல் அடித்த கடும் வெயிலுக்குப் பிறகு ஏழை வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையை நகரமே எடுத்துச் செய்தது, ஆனால் அங்கே கோடையில் மழை தொல்லை கிடையாது. நம்ம பக்கம் பெயின்ட்தான். பாசி பிடித்தால் வெள்ளையின் வேலை குறையும், வருஷத்துக்கு ஒரு தரம் கழுவி விடுங்க.

மாத்தளை ஹோஸ்டல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்களுடையது அஸ்பெஸ்டஸ் ஷீட் கூரை. இதே மாதிரி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி அடிக்கலாமா?

தகரக்கூரை:
தேய்க்கவே கூடாது. காய்ந்த பிரஷ், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர், துளை போடும் மெஷின் எதுவும் வேண்டாம், தூசியில் நார் பறக்கும், நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது. நல்ல நிலையில் உள்ள ஷீட்டை மேலே சுரண்டாமல் வெளிப்பக்கம் பெயின்ட் அடித்து மூடலாம், அதுவும் ஏற்கனவே செய்து பழகின ஆளை வைத்து. ஏறினால் உடையும் என்பதால் பலகை போட்டுத்தான் நடக்கணும். உடைந்து தூள் கொட்டுகிற கூரை என்றால் அதை மாற்றுவதைப் பற்றி யோசிங்க. உள்ளே சீலிங் போட முடிந்தால் உங்களுக்கு அதுதான் முதல் வேலை.

வெலிமடை அக்கா:
கோச் சேர், அந்தக் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கிறீங்களா?

லிந்துலை கோச்:
ஆமாம் அக்கா, உடுப்புக் கழுவ.

வெலிமடை அக்கா:
பெயின்ட் அடித்த பிறகு முதல் இரண்டு மூன்று மழைத் தண்ணீரை வெளியே விடுங்க, சுண்ணாம்பு கரைந்து வருகிற பக்கத்துக் குழாயைக் கழற்றியே வைங்க. பீப்பாய்க்கு மூடி போடுங்க.