கை நடுங்காமல் பார்க்கின்சன் வருமா?

கேள்வி (கும்பகோணத்தான்):
அப்பாவுக்கு வயது 71. தோள் இறுகிவிட்டது என்று ஒரு வருஷமாக பிசியோதெரபி எடுக்கிறார். நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் காபி ஆறிவிடுகிறது. கையெழுத்து சிறுத்துப்போய் பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். நடுக்கம் துளியும் இல்லை. சித்தப்பா பார்க்கின்சன் (மூளையைப் பாதித்து உடல் அசைவைக் குறைக்கும் நோய்) என்கிறார். அப்படியும் இருக்குமா? தலைசுற்றலுக்கு வேறு ரொம்ப நாளாக மாத்திரை போடுகிறார்.

திருச்சி மருமகள்:
இருக்கலாம் தம்பி. நடுக்கம் எல்லோருக்கும் வராது, அசைவு மந்தமாவதுதான் முக்கியம். என் மாமியாருக்குப் பல வருஷமாகவே மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக்கொண்டு கையை வீசுவார். அடுப்பில் பால் தீய்ந்தாலும் வாசனை தெரியாது. வயசுக்கோளாறு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நியூரோ டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். போகப்போக விரல் விரிவதே குறைந்துகொண்டு வந்தது. ஸ்கேன் நார்மல் என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள், இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

மருந்துக்கடைக்காரன்:
முதலில் அந்தத் தலைசுற்றல் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். சின்னரிசின், புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு எல்லாமே டோபமைனை (அசைவுக்கு மூளையில் தேவைப்படும் ரசாயனம்) தடுப்பவை; பார்க்கின்சன் மாதிரியே காட்டும். மருந்தால் வந்தது பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அப்பாவுக்கு ஒரே பக்கம் என்பதால் நோயாகவும் இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.

கும்பகோணத்தான்:
அட்டையில் சின்னரிசின்தான் சார். இந்த வாரமே நியூரோவிடம் போகிறோம். ஊரில் ஒருவர் பூனைக்காலி சூரணம் போதும் என்கிறாரே?

திருச்சி மருமகள்:
பூனைக்காலி விதையிலேயே மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா இருக்கிறது. டாக்டர் தருவதும் அதுதான், கூடவே அது மூளைக்குப் போகும்முன் வீணாகாமல் காக்கும் கார்பிடோபா சேர்ந்திருக்கும். சொல்லாமல் இரண்டையும் போட்டால் அளவு எகிறிவிடும், உடம்பு தானாக முறுக்கிக்கொண்டு ஆடும். மாமியார் மாத்திரையை இட்லி சாம்பாரோடு போட்ட நாளெல்லாம் மதியம் வரை கட்டைதான். பருப்பு, பால், முட்டையில் உள்ள புரதம் மருந்தை உள்ளே விடாமல் மல்லுக்கட்டும். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், நேரம் தவறாமல். ஆரம்பத்தில் குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், கடையில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்காதீர்கள். தொடங்கியபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அப்புறம், பிசியோவை விட்டுவிடாதீர்கள். இனி தோளுக்கு மட்டுமல்ல, நடைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.