பரஸ்பர சம்மத விவாகரத்து: வழக்கறிஞரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பொருநைக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எனக்கு 2017-ல் திருநெல்வேலியில் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. கோயம்புத்தூரில் குடித்தனம் இருந்தோம். இரண்டு ஆண்டுகளாக ஆறு வயது மகளுடன் திருநெல்வேலியில் பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். இருவரும் சேர்ந்து மனுப் போட்டுப் பிரிந்துவிடலாம் என்று கணவர் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள், எனக்கும் சம்மதமே.

இரண்டு வழக்கறிஞர்களைப் பார்த்தேன். முதலாமவர் மூன்றே மாதத்தில் முடித்துத் தருவதாக உறுதி கூறி, எதுவும் நிரப்பாத வக்காலத்திலும் (வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் தரும் படிவம்) இரண்டு வெற்றுத்தாள்களிலும் கையெழுத்துக் கேட்டார். பேனாவைக் கையில் வாங்கிய பிறகு மனம் ஒப்பாமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாமவர், எனக்கு வரும் ஜீவனாம்சத்தில் பத்து சதவீதம் தம் கட்டணம் என்றார். பெரியப்பாவோ, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் போதும், கோர்ட்டுக்கு ஏன் போக வேண்டும் என்கிறார். நான் எதை நம்புவது?

ஓய்வுபெற்ற வழக்கறிஞர்:
சகோதரி, கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே அந்த இரண்டாமவரையும் விட்டுவிடுங்கள். பெரியப்பா சொல்லும் விடுதலைப் பத்திரத்தை நம்பி யாராவது மறுமணம் செய்துகொண்டால் பின்னால் பெரும் சிக்கலாகும். சமூக வழக்கப்படியான மணவிலக்கைச் சட்டம் ஏற்பதுண்டு என்றாலும், அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது என்பதை நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும்.

இந்து திருமணச் சட்டம் 1955-ன் 13பி பிரிவின்படி, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருந்தால் இருவரும் கூட்டாக மனு அளிக்கலாம்; ஆறு மாதத்துக்குப் பின், பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருக்கும் உங்களுக்கு, குழந்தையின் பொறுப்பும் பணமும் பேசித் தீர்ந்திருந்தால், அது பொருந்தக்கூடும். எனினும் அது நீதிபதியின் விருப்புரிமை. அதை எந்த வழக்கறிஞரும் முன்கூட்டியே வாக்குறுதியாகத் தர முடியாது. திருமணம் திருநெல்வேலியில் நடந்ததால் அங்கேயே மனுத் தாக்கல் செய்யலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை.

நல்ல வழக்கறிஞர் முதல் சந்திப்பில் அதிகம் பேச மாட்டார், கேட்பார்: எந்தத் தேதியில் பிரிந்தீர்கள், நகை யாரிடம் இருக்கிறது, பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார், வேறு வழக்கு ஏதும் நிலுவையில் உண்டா என்று. குடும்பநல வழக்குகளை அன்றாடம் நடத்துபவரா, வாய்தாவுக்கு அவரே வருவாரா அல்லது ஜூனியரை அனுப்புவாரா, எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்டணம், ரசீது தருவாரா என்பதை நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய்:
நானும் இதே வழியில் வந்தவள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், தங்கச்சி. செலவு மிச்சம் என்று இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் போதும் என்பார்கள்; ஒப்புக்கொள்ளாதீர்கள். என் ஒப்பந்தத்தில் "நகைகள் திருப்பித் தரப்படும்" என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தார்கள். அது போதாது என்று என் வழக்கறிஞர்தான் பிடிவாதமாக நின்று, எட்டுச் சவரன் ஆரம், இரண்டு சவரன் வளையல் என்று ஒவ்வொன்றையும் எடையோடும், என்றைக்குள், எங்கே வைத்து ஒப்படைக்க வேண்டும் என்பதோடும் எழுத வைத்தார். திருமணப் புகைப்படத்தை மேசையில் வைத்துக்கொண்டு எண்ணினோம். பிள்ளைகளை வார இறுதியில் எத்தனை மணிக்கு அழைத்துப் போவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள் என்பதும் அதே அளவு விவரமாக இருக்க வேண்டும்.

கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமான வரம்பு பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

கோவை வாசகர்:
ஐயா கூறியவை சரியே. ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்பதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாவது முறை ஆஜராகும் நாளில் வரைவோலையாக நீதிபதி முன்னிலையிலும் வாங்குவதே பாதுகாப்பு. என் தங்கை அந்த ஆறு மாதத்தில்தான் மாதப் பணம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துத் தெளிந்தாள்.

ஒருவேளை பேச்சு முறிந்து வழக்காக மாறினால், ஜீவனாம்சம் கேட்கும்போது இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. கணவரின் சம்பளச் சீட்டு, வங்கி விவரம் ஏதும் கைவசம் இருந்தால் இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

பொருநைக்கரை:
ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. இன்று மாலை அம்மாவும் நானும் திருமண ஆல்பத்தை எடுத்து நகைப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டோம். பதினொன்று வரை வந்திருக்கிறது. திங்கட்கிழமை சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன். பெரியப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.