கோத்தகிரி குடும்பம்: கவியோட காமிக் கான் மேசை

*கவி:* சென்னை காமிக் கான்ல, அதான் காமிக்ஸ் கண்காட்சில, நான் வரைஞ்ச படங்களை விக்க மேசை போடறேன். டைனிங் மேசைல ஒத்திகை பாத்து போட்டோ போட்டிருக்கேன். அங்க தர்ற மேசை 6 அடிக்கு 2 அடி. 22 பிரிண்ட், ஸ்டிக்கர், புக்மார்க். என்ன மாத்தலாம், சொல்லுங்க.

*சாந்தி அத்தை:* எல்லாத்தையும் படுக்க வச்சிருக்கியே கண்ணு. மேசை மேல குனியறவங்களுக்குத்தான் தெரியும். 10 அடி தள்ளி நடந்து போறவங்களுக்கு வெறும் துணிதான் தெரியும். படம் நிக்கணும்.

*மணி மாமா:* மரச்சட்டம் வேண்டாம். மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ், அப்புறம் நீலகிரி எக்ஸ்பிரஸ். சூட்கேஸ்ல அடங்கறதா இருக்கணும். ஷூ ரேக்குக்கு விக்கற 14 இன்ச் கம்பிச் சதுரம் 10 வாங்கு.

*மணி மாமா:* மேசை உயரம் 30 இன்ச். மேல ரெண்டு சதுரம் 28. ஆக 58, நிக்கற ஆளோட கண்ணு மட்டத்துக்கு வந்துடும். மூணாவது அடுக்கு ஏத்தாத, ஆடும்.

*கவி:* 5 சதுரம் வரிசையா வச்சா 70 இன்ச், மேசை நீளத்துக்கு சரியா வருதுங்களே மாமா?

*மணி மாமா:* வரும். ஆனா நீ சுவத்துக்குப் பின்னால மறைஞ்சுடுவ. இடது பக்கம் 2 சதுர அகலம், வலது பக்கம் 1. நடுவுல 30 இன்ச் காலியா விடு. காசு வாங்கறது, பேசறது எல்லாம் அதுல.

*மணி மாமா:* ஒத்தத் தட்டா நிறுத்தினா முன்னால விழும். படத்தோட பாரம் பூரா முன்பக்கம், அடியில காலே இல்ல. அதனால ரெண்டு பக்கமும் வெளி ஓரத்துல ரெண்டு ரெண்டு சதுரத்தை முன்பக்கமா மடிச்சு, மேல இருந்து பாத்தா 'ட' மாதிரி நிறுத்து. பின்னால சாயாம இருக்க அடிக்கம்பியை மேசையோட சேத்து சி கிளாம்ப் போடு, திருகி இறுக்கற கவ்விதான் அது. நடுவுல அட்டை வை, மேசை அவங்களோடது.

*கவி:* சதுரங்களை இணைக்க கூட வர்ற பிளாஸ்டிக் கவ்வி போதாதுங்களா?

*மணி மாமா:* நம்பாத. யாராவது மேசைல இடிச்சா கழண்டுடும். 4 இன்ச் ஜிப் டை போடு, இழுத்து இறுக்கற பிளாஸ்டிக் பட்டை. மொத்தம் 11 இணைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 3, ஆக 33. 50 எடுத்துக்க. வால் மிச்சத்தை நெயில் கட்டரால ஒட்ட நறுக்கு, இல்லேன்னா படத்தைக் கீறிடும்.

*முரளி அண்ணா:* ஏ4 உயரம் 11.7 இன்ச், ஒரு சதுரத்துக்கு ஒண்ணு. இடது பக்கம் 4, மடிச்ச பக்கங்கள்ல 4. வரையாடு படம் ஏ3, அது வலது கோபுரத்துல தனியா, 16.5 இன்ச் உயரம். அதுக்கு கீழ ஏ5 விலை அட்டை. மீதி 13 படம் ஃபோல்டர்ல, புரட்டிப் பாக்கட்டும்.

*கவி:* 22-ம் தொங்க வேண்டாமாங்கண்ணா?

*முரளி அண்ணா:* வேண்டாம்மா. நெருக்கினா ஒண்ணுமே கண்ணுல நிக்காது. தொங்கறதை மட்டும் 3 மி.மீ. சன்போர்டுல, அதான் லேசான ஃபோம் அட்டைல, ஒட்டு. நம்ம ஊர் பனில வெறும் பேப்பர் ஈரம் உறிஞ்சி ஓரம் சுருளும். விக்கற பிரிண்ட்டைக் குழல்ல சுருட்டாத, ரெண்டு சன்போர்டுக்கு நடுவுல தட்டையா வச்சுக் கட்டு. தொங்கவிட 19 மி.மீ. பைண்டர் கிளிப்பை படத்தை மூடற கவர் மேல போடு, பேப்பர் மேல நேரா போட்டா தழும்பு விழும்.

*முரளி அண்ணா:* ஹால் லைட் தலைக்கு மேல எரியும், பளபள கவர்ல மின்னும். தொங்கற படத்துக்கு மின்னாத மேட் கவர் போடு, மேல்பக்கத்தைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு வை. ஒவ்வொண்ணுலயும் விலை இருக்கணும். வெக்கப்பட்டு கேக்காமயே நகர்றவங்கதான் நிறைய.

*சாந்தி அத்தை:* முன்னால 10 இன்ச் மிச்சம் இருக்குல்ல, ஸ்டிக்கரும் புக்மார்க்கும் அங்க. கையில எடுத்துப் பாக்கறது அதுதான். அப்புறம் உன் பேரை மேசைத் துணில எழுதாத, நாலு பேர் நின்னா மறைஞ்சுடும். இடது கோபுரத்துக்கு மேல 28 இன்ச் அகலத்துக்கு ஒரு அட்டை.

*கவி:* க்யூஆர் நடுவுல ஒண்ணு போதுங்களா அத்தை?

*சாந்தி அத்தை:* ரெண்டு. ஒரே இடத்துல வச்சா அங்க கூட்டம் கட்டி படத்தை மறைக்கும். கூட்டத்துல நெட் சில நேரம் இழுக்கும், 50 ரூபாயும் 100 ரூபாயும் சில்லறையா வச்சுக்க. பிளாஸ்டிக் பை வேண்டாம், 2019-லயே தமிழ்நாடு முழுக்க தடை. காக்கி கவர் எடு, உள்ள அட்டைத் துண்டு வச்சா மடங்காது.

*மணி மாமா:* புறப்படறதுக்கு முன்னாடி மேசைல 6-க்கு 2 டேப் ஒட்டி அதுக்குள்ளயே முழுசா கட்டிப் பாரு. முடிச்சதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து ஃபோன்ல வை. சென்னைல அதைப் பாத்தே கட்டிடலாம்.

*கவி:* சரிங்க மாமா. நாளைக்கே சதுரம் வாங்கிடறேன். சி கிளாம்ப் எத்தனை?

*மணி மாமா:* 4. 2 இன்ச் வாய் இருக்கறதா பாத்து வாங்கு.