குழுவில் கேட்கிறார்கள், நெய்து வைத்தால் வாங்குவதில்லை

வணக்கம். பத்தமடையில் அம்மாவும் சித்தியும் நெய்யும் கோரைப் பாய்களை 2 வருடமாக ஆன்லைனில் விற்கிறேன். பெயர் போட்ட கல்யாணப் பாய் முகூர்த்த மாதங்களில்தான் போகும். மற்ற மாதங்களுக்கு என்ன செய்யலாம் என்று யோகா, வீட்டு அலங்காரம் பற்றிய ஆன்லைன் குழுக்களை 3 மாதம் உட்கார்ந்து படித்தேன். பிளாஸ்டிக் இல்லாத யோகா பாய் எங்கே கிடைக்கும் என்று 40 பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள்.

அதை நம்பி 6 அடிக்கு 2 அடியில், சாதாரண ரகத்தில் 25 பாய் போட்டோம். 5 வாரத்தில் விற்றது 3. அதிலும் ஒன்று, டைல்ஸ் தரையில் வழுக்குகிறது என்று திரும்பி வந்துவிட்டது.

அடியில் பருத்தித் துணி தைத்துப் பார்த்தேன், வழுக்கல் நிற்கவில்லை. விலையை 900 ரூபாயிலிருந்து 700 ஆக்கினேன். அப்புறம் குழுவில் கேட்டவர்களுக்கே தனியாக எழுதினேன். நல்லாயிருக்கு என்றார்கள், ஆர்டர் வரவில்லை. வாக்கெடுப்பு வைத்தும் அதே கதைதான். கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி நெய்கிற வேலை இது. என் தப்புக் கணக்கால் அம்மாவின் உழைப்பு மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

குழுக்களில் ஒரு பொருளைக் கேட்பவர்களில் யார் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதை, தறியில் பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றுவதற்கு முன்பே நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?