தை மாதத் திருமணத்திற்கு முன் முடியை நிரந்தரமாக நேராக்கிக்கொள்ளலாமா?

குன்னூர்ச் சாரல்:
வணக்கம். நான் குன்னூரில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். எனக்கு இடுப்பு வரை நீண்ட, அடர்த்தியான சுருட்டை முடி. காலையில் எவ்வளவு படிய வாரிப் பின்னினாலும், பள்ளிக்கு நடந்து போகும் இருபது நிமிடங்களுக்குள் மூடுபனி பட்டு நெற்றியோரம் முழுவதும் பறட்டையாக எழும்பிவிடுகிறது. தை மாதக் கடைசியில் எனக்குத் திருமணம். அதற்குள் முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொள்ள வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன். விசாரித்த இடத்தில், ரீபாண்டிங்கும் கெரட்டினும் ஒன்றுதான் என்றார்கள். நான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு முறை கடையில் வாங்கும் மருதாணிப் பொடியைத் தலைக்குப் பூசி வருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்ட இப்போதே செய்துகொள்வதா, திருமணத்தை ஒட்டிச் செய்துகொள்வதா?

சீப்பும் கத்தரியும்:
கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் ஒன்றல்ல. முடியிலுள்ள புரதத்தின் கந்தகப் பிணைப்புகளே சுருளைத் தாங்கி நிற்கின்றன. ரீபாண்டிங்கில், பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட் கலந்த கிரீமால் அவற்றை உடைத்து, அலசி உலர்த்தி, சூடான அயனால் முடியை நேராக இழுத்து, பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள நியூட்ரலைசர் பூசி அந்த நேரான நிலையிலேயே மீண்டும் பிணைக்கிறோம். அதனால்தான் வீட்டில் அயன் செய்த முடியைச் சுருட்டிவிடும் மூடுபனி இதை ஒன்றும் செய்வதில்லை. கெரட்டின் என்பது முடியின் மேல் ஒரு கலவையைப் பூசி அயனால் படிய வைப்பது; அது சில மாதங்களில், தலைக்குக் குளிக்கக் குளிக்கக் குறைந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மருதாணிதான். தூய மருதாணி முடியின் மேல் படிந்து, கிரீம் சீராக உள்ளே இறங்கவிடாமல் தடுக்கும். கடைப் பொடியில் உலோக உப்புகள் கலந்திருந்தால் அவை பெராக்சைடுடன் சேர்ந்து சூடேறி முடியைப் பொசுக்கிவிடக்கூடும். அதோடு, முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், உங்கள் முடியின் நுனிக்கு வயது ஐந்தாண்டுக்கும் மேல் இருக்கும். நான்காண்டு மருதாணியையும் அந்த நுனி வாங்கியிருக்கிறது. வேர்ப்பக்க முடி கிரீமைத் தாங்கும் நேரம் வரை அது தாங்காது. பிடரிக்கு அடியிலிருந்து ஒரு சிறு கற்றையை மட்டும் எடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; மறுக்கும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரி அக்கா:
தங்கச்சி, நான் கார்த்திகை மாதத்தில் செய்துகொண்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன். மூன்று நாள் முடியை நனைக்கக் கூடாது, பின்னக் கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக் கூடாது என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வெளியே வந்தால் விடாத மழை. குளிருக்குக் கம்பளிக் குல்லாய் போடாமலும் இருக்க முடியவில்லை. குல்லாயின் விளிம்பு அழுத்திய இடத்தில் விழுந்த மடிப்பு, அந்த முடியை வெட்டும் வரை போகவேயில்லை. தென்மேற்குப் பருவமழை உதகை, கூடலூர்ப் பக்கம் கொட்டும் என்றால், நம் குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். ஆகவே இப்போது வேண்டாம்.

திருமணத்தை ஒட்டியும் வேண்டாம் என்பேன். ரீபாண்டிங் செய்த முடி வழுவழுப்பாகிவிடுவதால் ஊசி நிற்காது, சவுரி பிடிக்காது, மல்லிகைச் சரம் வழுக்கி இறங்கும். என் நாத்தனாருக்கு முகூர்த்தத்திற்குள் மூன்று முறை சடையைத் திரும்பப் பின்ன வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழிந்தபின் வேரில் சுருளும் கீழே நேருமாக இரண்டு விதமாக நிற்கும். அந்த எல்லையில்தான் எனக்கு முடி ஒடிந்தது.

வேதியியல் ஆசிரியர், உதகை:
மலையூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்கிறேன். சில கெரட்டின் கலவைகளில் ஃபார்மால்டிஹைடோ, சூட்டில் அதை வெளிவிடும் மெத்திலீன் கிளைக்காலோ இருக்கும். அயனின் சூடு பட்டவுடன் அது ஆவியாகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. சமவெளியில் சன்னல் திறந்திருக்கும்; இங்கோ குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிடுகிறார்கள். நாள்தோறும் அந்த அறையில் நின்று வேலை செய்யும் பெண்களை எண்ணும்போது எனக்கு மனம் பதறுகிறது. புட்டியை வாங்கிப் படியுங்கள்; சன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன.

குன்னூர்ச் சாரல்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருதாணிப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதில் மருதாணியோடு வேறு சில இரசாயனப் பெயர்களும் இருக்கின்றன. இன்றோடு அதை நிறுத்திவிட்டேன். திருமணத்திற்குச் சுருட்டை முடியையே எண்ணெய் தடவிப் பின்னி, பூச்சடை வைத்துக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னேன். மாசியில் வானம் வெளுத்தபின், கற்றைச் சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன். சீப்பும் கத்தரியும் அக்கா, அதற்கு முன் நுனியை எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கும்?

சீப்பும் கத்தரியும்:
ஈரமான ஒரு முடியை விரலிடையில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு மீண்டும் சுருங்கினால் அது நல்ல முடி. நீண்டபடியே நின்றாலோ அறுந்தாலோ, அந்த இடம் வரை வெட்டிவிடுங்கள்.